எலி தின்றது போக மீதி

தமிழ்நாட்டில் கஞ்சாவை வயிறாரத் தின்றுவிட்டு, வழக்கில்லாமல், ஜாமீன் கையெழுத்தில்லாமல், குண்டர் சட்டமில்லாமல் நிம்மதியாக நடமாடும் ஒரே ஜீவன் எலி. நான் சொல்லவில்லை, காவல்துறை சொன்னது. 2020 நவம்பரில் சென்னை மெரினா போலீசார் 22 கிலோ கஞ்சாவுடன் இரண்டு பேரைப் பிடித்தார்கள். மாதிரியாக 50 கிராம் நீதிமன்றத்துக்குப் போனது, 50 கிராம் ரசாயனப் பரிசோதனைக்குப் போனது. மீதி 21 கிலோ 900 கிராம் எங்கே என்ற கேள்விக்கு, எலி தின்றுவிட்டது என்று பதில் வந்தது. 2023 ஜூலையில் இருவரும் விடுதலை. அதற்கு முந்தைய ஆண்டு உத்தரப் பிரதேசத்து மதுராவில் 581 கிலோவை எலிகள் முடித்துவிட்டன என்று அந்த ஊர்ப் போலீசார் நீதிமன்றத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள். வடக்கத்தி எலிக்குப் பசி அதிகம். நம் எலிக்குச் சட்ட அறிவு அதிகம். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', குறைந்தது பத்தாண்டுச் சிறை என்பது அதற்குத் தெரியும். அதனால்தான் மாதிரிக்கு எடுத்த நூறு கிராமை மட்டும் விட்டுவைத்தது.

செய்தியைப் படித்து ஊரே சிரித்தது, மீம் போட்டது. சிரித்து முடித்த பிறகு உட்கார்ந்து ஒரு கழித்தல் கணக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. வந்தது இவ்வளவு, பிடிபட்டது இவ்வளவு, எரித்தது இவ்வளவு, எலி தின்றது இவ்வளவு. மீதி? அந்த மீதி எந்த வீட்டுக்குள் போனது, போய் எதைத் தின்றது என்று எழுதிவைக்க எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரை சின்னது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டால் சீக்கிரமே முடிந்துவிடும். 2024 மார்ச்சில் மீமிசல் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில் சுங்கத்துறை சோதனை போட்டது. அகப்பட்டது இறால் அல்ல. 100 கிலோ ஹஷீஷ், 870 கிலோவுக்கு மேல் கஞ்சா. மதிப்பு 110 கோடி ரூபாய் என்றார்கள். 2018இல் கஜா புயல் படகையும் தென்னையையும் சுருட்டிப் போட்ட கரை அது. அங்கே ஒரே இடத்தில் 110 கோடி குவிந்து கிடந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. அதுவும் இலங்கைக்குப் போவதற்காக.

ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைகிற சரக்கு ரயிலேறி லாரியேறித் தெற்கே வருகிறது. கடலைத் தாண்டியதும் இலங்கைப் பத்திரிகைகள் அதற்கு வைக்கும் பெயர் 'கேரளக் கஞ்சா'. விளைந்தது ஒரு மாநிலம், கடத்தியது ஒரு மாநிலம், பேர் மட்டும் கேரளாவுக்கு. முல்லைப் பெரியாற்றில்தான் தகராறு என்றால் இதிலுமா!

பெரிய மூட்டை படகேறப் போகிறது. சின்னப் பொட்டலம் வழியிலேயே இறங்கிக்கொள்கிறது. பேருந்து நிலையத்துச் சந்து, கண்மாய்க் கரை, ஊருக்கு வெளியே தைல மரக் காடு. மூட்டையைப் பிடிக்கச் சுங்கத்துறை இருக்கிறது, கடலோரக் காவல் படை இருக்கிறது, ரோந்துக் கப்பல் இருக்கிறது. பொட்டலத்தைப் பிடிக்க இருப்பது ஒரே ஓர் அதிகாரி. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. துவைக்கப் போடும் முன் மகனின் கால்சட்டைப் பையை உதறிப் பார்க்கிற அம்மா.

மூட்டை பிடிபட்டால் அடுத்த வேலை படம். பார்சல்களை வரிசையாக அடுக்கி, பின்னால் அதிகாரிகள் விறைப்பாக நிற்க, முன்னால் பிடிபட்டவன் முகத்தை மூடிக் குந்தியிருக்க, ஒரு குழுப்படம். கல்யாண மேடையில்கூட நம் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. 2021 டிசம்பரில், சைலேந்திர பாபு டிஜிபியாக இருந்தபோது, 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. அது முடிந்ததும் 2.0 வந்தது. பிறகு 3.0. பிறகு 4.0. வேட்டை என்றால் காட்டில் மிருகம் குறைய வேண்டும். இங்கே கூடியது பதிப்பு எண் மட்டும். ராத்திரி முழுக்கச் சாலையில் வண்டிகளை மறித்து நின்ற காவலர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் பிடித்த ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் போகாத கிலோ. ஆனால் கிலோ மட்டுமே சாதனை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

சட்டம் சொல்லிக்கொடுத்தது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குத் தராசுதான் கண். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்துப் பத்து கிராமாகக் கட்டினால் ஒரு கிலோவுக்கு நூறு பொட்டலம். நூறு வீட்டின் ராத்திரி ஒரே மஞ்சப்பைக்குள் அடங்கிக் கிடக்கிறது. சட்டம் எடை போட்டுப் பார்த்து 'சிறியது' என்கிறது. வியாபாரிக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். கையில் ஒரு கிலோவைத் தாண்ட விடமாட்டான்.

வாங்கிப் புகைத்த பையனுக்கும் அதே சட்டத்தில் 27ஆம் பிரிவு இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அதே புத்தகத்தில் 64ஏ என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவன், புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுதாக முடித்தால், அந்த வழக்கிலிருந்து அவனுக்கு விலக்கு. இதை எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்? காவல் நிலையச் சுவரில் மண்டை ஓட்டுப் படம் இருக்கிறது. கஞ்சா விற்பவரைப் பற்றித் தகவல் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது. 64ஏ எழுதிய சுவர் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. காட்டிக்கொடுக்க ஒரு நம்பரை ஊரறியச் செய்தவர்கள், காப்பாற்றுகிற பிரிவை வக்கீல் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டார்கள்.

வழக்கு என்றால் இந்த மாவட்டத்தில் என்ன அர்த்தம் தெரியுமா? சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாச் சம்பளத்தில் கூரை போட்ட வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அந்த ஒரு எஃப்.ஐ.ஆர். எழுந்து நின்று வணக்கம் சொல்லும். பொட்டலம் விற்றவன் அடுத்த வாரம் ஜாமீனில் வந்து அதே சந்தில் நிற்பான். வாங்கியவன் ஊரைவிட்டே போக முடியாமல் அதே சந்தில் சுற்றுவான். விற்பவனுக்கு நிரந்தர வாடிக்கையாளரை அரசே ஏற்பாடு செய்து கொடுத்தது மாதிரி.

பள்ளிக்கூடமும் தன் பங்குக்குச் சிகிச்சை வைத்திருக்கிறது. இரண்டே எழுத்து: டி.சி. பதினோராம் வகுப்புப் பையனின் பையில் பொட்டலம் இருந்ததா, அப்பாவைக் கூப்பிடு, சான்றிதழைக் கொடு, வாசலைக் காட்டு. பள்ளியின் பெயர் தப்பித்தது. பையன் எங்கே போனான் என்று கேட்டால், அது எங்கள் எல்லைக்குள் வராது என்பார்கள். அதே பள்ளியில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் உறுதிமொழி நடக்கும். 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலம் முழுக்க மாணவர்களைக் கையை முன்னே நீட்டச் சொல்லித் தொடங்கிய சடங்கு அது. பேரணி, தொப்பி, கோலப் போட்டி, ஓவியப் போட்டி. ஊதிச் சிதறும் நுரையீரலை மிக அழகாக வரைந்த பிள்ளைக்கு முதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். கடைசி பெஞ்சில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தவனும் கையை நீட்டினான். அவனிடம் அன்று யாராவது, "தம்பி, ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டிருந்தால் அந்த விழாவுக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

உறுதிமொழி வாங்குகிற கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவது அரசு. 2024–25இல் டாஸ்மாக் ஈட்டிக்கொடுத்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். காலையில் போதையில்லாத் தமிழ்நாடு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்பு. கட்சி பேதமும் பார்க்க வேண்டாம். குட்காவுக்கு 2013 முதல் தடை இருந்தும் அது தாராளமாய்க் கிடைக்க லஞ்சம் கைமாறியது என்ற வழக்கில், 2018 செப்டம்பரில் சிபிஐ சோதனை போட்ட இடங்களில் அன்றைய சுகாதாரத்துறை அமைச்சரும் நம் விராலிமலைத் தொகுதியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினருமான சி.விஜயபாஸ்கரின் வீடும் ஒன்று. குற்றச்சாட்டை அவர் மறுத்தார், முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். இந்தப் பக்கம், அன்றைய ஆளுங்கட்சியின் அயலக அணி நிர்வாகி ஒருவரை 2024 மார்ச்சில் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு கைது செய்தது. கைதுக்குச் சில நாள் முன்னால் கட்சி அவரை நீக்கியிருந்தது. அந்த வழக்கும் நீதிமன்றத்தில்தான். யார் குற்றவாளி என்பதல்ல என் கேள்வி. சட்டசபையில் ஒருவரை ஒருவர் கைநீட்டிப் பேசிய பேச்சில் பாதியை மனநல மருத்துவர் நியமனத்துக்குச் செலவழித்திருக்கலாமே என்பதுதான்.

அரசாங்கத்தை விடுங்கள். மூலிகை அண்ணன்கள் என்று ஒரு வர்க்கம் இருக்கிறது. கல்லூரி சீனியராக, அறைத் தோழனாக, இன்ஸ்டாகிராம் ஞானியாக வருவார்கள். "மச்சான், இது இலைடா. சிவன் குடிச்சது. அமெரிக்கால கடையில விக்குறான். டாஸ்மாக்தான்டா விஷம்." கடைசி வாக்கியத்தில் உண்மை இருக்கிறது, அதற்காக மற்றதெல்லாம் உண்மையாகிவிடாது. சிவன் ஆலகால விஷத்தையும்தான் குடித்தார். அதையும் ஒரு கை பார்ப்போம் என்று இதுவரை எந்த அண்ணனும் கிளம்பவில்லை. அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களின் கடையில் 21 வயது ஆனதற்கு அடையாள அட்டை கேட்பான். 2018இல் கனடா அனுமதித்தபோது, வீரியம் எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சடிக்கச் சொன்னது. தைல மரக் காட்டில் அடையாள அட்டை கேட்பவர் யார்? பொட்டலத்தில் சதவீதம் எழுதுபவர் யார்? இன்னும் படித்த அண்ணன், வெள்ளைக்காரன் 1893இல் போட்ட கஞ்சாக் கமிஷனை இழுப்பார். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவோடு பயன்படுத்தினால் பெரிய கெடுதி இல்லை என்று சொன்ன அறிக்கை அது. அளவு மீறினால் கெடுதி என்றும், தடை வேண்டாம், உரிமம் கொடுத்து வரி போடுங்கள் என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. வெள்ளைக்காரன் கல்லாப்பெட்டியைப் பார்த்து எழுதியதை இவர்கள் வேதமாக்கிவிட்டார்கள்.

பொய் சொல்லிப் பயமுறுத்த வேண்டிய அவசியமே இல்லை. உண்மையே போதுமான அளவு பயங்கரம். ஒரு தடவை இழுத்தவனெல்லாம் பைத்தியம் ஆவதில்லை. பழகுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் விட முடியாமல் சிக்கிக்கொள்கிறார். பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். மூளை முழுதாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயதுவாக்கில் ஆகிறது. நடுவில், இன்னும் வேலை முடியாத இடத்தில்தான் கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சி போய் உட்காருகிறது. சுவீடனில் ராணுவச் சேர்க்கைக்கு வந்த நாற்பத்தைந்தாயிரம் இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு. 1987இல் வெளியான ஆய்வு. ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் புகைப்பவர்களுக்குப் புத்தி பேதலிக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. வீரியம் கூடிய சரக்கென்றால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கஞ்சாதான் காரணமா, ஏற்கெனவே இருந்த கோளாறை அது கிளறிவிடுகிறதா என்று நிபுணர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல் என்பதில் அவர்களுக்குள் சண்டையில்லை. அந்த ஆறில் ஒருவன் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி உலகத்தில் எங்கும் இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிற அண்ணன், மற்ற ஐந்து பேரில் ஒருவர். அவருடைய அதிர்ஷ்டத்தை நம்பி அடுத்த வீட்டுப் பிள்ளை இழுக்கிறான்.

இழுத்த பிறகு அந்த வீட்டில் நடப்பதை எந்தத் துறையும் எடை போட்டதில்லை. கீரனூரோ கறம்பக்குடியோ, பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன் உள்ள ஏதாவது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவனுக்குப் பசி கூடும். அது கஞ்சாவின் குணம். தெரியாத தாய் பூரித்துப் போவாள். "இப்பத்தான் புள்ள நல்லாச் சாப்பிடுறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி இன்னும் ஒரு முட்டை அவித்து வைப்பாள். பிறகு தூக்கம் போகும். பிறகு, எதிர் வீட்டுக்காரர் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்வான். டி.வி.யில் செய்தி வாசிப்பவர் தன்னைக் குறிவைப்பதாகச் சொல்லி ஒயரைப் பிடுங்குவான். ஒரு நாள் அம்மா ஊற்றிய ரசத்தை நகர்த்தி வைத்து, "மொதல்ல நீ குடி, நான் பாக்குறேன்" என்பான். பத்து மாதம் சுமந்தவள் தன் கையால் வைத்த ரசத்தில் விஷமில்லை என்று மகனுக்கு நிரூபிக்கக் குடித்துக் காட்டுவாள். எந்த வழக்கின் குற்றப்பத்திரிகையிலும் இது வராது.

சில வீட்டில் வாந்தியாக வரும். நாள் கணக்கில் குமட்டும். வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். நீண்ட நாள் கஞ்சாவில் வருகிற இந்த வாந்தி நோயை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004இல்தான் விவரித்து எழுதினார்கள். நம் ஊரில் குடல் குழாய் விட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். பையன் கஞ்சாவைச் சொல்ல மாட்டான், டாக்டர் கேட்க மாட்டார். அம்மா விறகடுப்பில் குடம் குடமாய் வெந்நீர் வைத்துக்கொண்டிருப்பாள்.

செலவுக்கு நகை அடகுக்குப் போகும். பிறகு வாரக் கடன் வரும், வாரக் கடனை அடைக்க இன்னொரு வாரக் கடன் வரும். பொட்டலத்துக்குக் காசு இல்லாத நாளில் கதவு உடையும். அதற்குப் பயந்து அம்மாவே முந்தானையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து, "இன்னைக்கு மட்டுந்தான்" என்று கொடுப்பாள். தங்கச்சி தேர்வுக்குப் படிக்கப் பெரியம்மா வீட்டுக்குப் போவாள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பாவிடம் போனில், "நல்லா இருக்காங்க, தூங்குறான்" என்ற பொய் வாரா வாரம் போகும். அறிவொளி இயக்கம் நடந்த 1990களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், இந்த மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரம் பேர் கையெழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதை உலகமே எழுதியது. அன்று ஹேண்டில்பாரைப் பிடித்துப் பறந்த பெண்களில் எத்தனையோ பேருக்கு இன்று பேரன் வயதில், மகன் வயதில் இப்படி ஒருவன். கற்றுக்கொண்ட சைக்கிளை மிதித்துக் காவல் நிலையத்துக்கும் அடகுக்கடைக்கும் போய் வருகிறார்கள். கற்றுக்கொண்ட கையெழுத்தை ஜாமீன் பத்திரத்தில் போடுகிறார்கள்.

வைத்தியம்? முதலில் "திமிரு" என்று அடிப்பார்கள். அடுத்து காத்துக் கருப்பு என்று வேப்பிலை, தகடு, மந்திரித்த கயிறு. அடுத்து குணசீலம் கோயிலில் நாற்பத்தெட்டு நாள், இல்லையென்றால் ஏர்வாடி தர்கா. நம்பிக்கையை நான் கிண்டல் செய்யவில்லை. வேறு கதவு தெரியாதவர்களுக்குச் சாமியும் தர்காவும்தான் இரவில் திறந்திருந்தன. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, காலில் சங்கிலியோடு 28 பேர் கருகியதை மறந்துவிட்டு யாரும் பேச வேண்டாம். இன்று சங்கிலிக்குப் பதில் 'மறுவாழ்வு மையம்' என்ற பலகை மாட்டி, உரிமம் இல்லாமல், மருத்துவர் இல்லாமல், அடித்தே திருத்துகிற இடங்கள் இருக்கின்றன. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு அடிக்கிறார்கள். வீட்டில் இலவசமாகக் கிடைத்த அடிதான்.

முள்ளூரில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, ஆனால் மீமிசலிலிருந்து முள்ளூருக்கு இரண்டு பஸ் மாறி வரும் தாய், ஒரு கையால் மகனைப் பிடித்துக்கொண்டு ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவன் பாதி வழியில் இறங்கி ஓடிவிட்டால் அந்த மாதம் முடிந்தது. கஞ்சாவை விட வைக்க ஒரு மாத்திரை கிடையாது. பேசிப் பேசி, வாரா வாரம் வரவழைத்து, தூக்கத்தையும் கோபத்தையும் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்துத்தான் மீட்க வேண்டும். புத்தி பேதலித்துவிட்டால் அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலனும் உண்டு. 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி நாட்டில் கஞ்சா, பாங்கு வகைகளைப் பயன்படுத்துவோர் 3 கோடிக்கும் மேல். சட்டவிரோதப் போதைகளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவர்தான் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர். மீதிப் பத்தொன்பது பேரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், மறுபடியும் அந்தச் சம்பளமில்லாத அதிகாரியைத்தான் காட்ட வேண்டும்.

எனவே மாட்சிமை பொருந்திய மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தாரே, அடுத்த முறை கிலோவை வாசித்து முடித்ததும் மைக்கை அணைக்காதீர்கள். இந்த மாதம் இருபத்தொரு வயதுக்குட்பட்ட எத்தனை பேர் இந்தப் பழக்கத்துக்காக மனநல ஓ.பி.க்கு வந்தார்கள்? எத்தனை பேர் இரண்டாம் முறை வரவில்லை? வராதவனைத் தேடி யார் போனார்கள்? சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டுப் படியேறுகிறதே, அதே படியில் இந்தத் தாயையும் ஒரு வார்த்தை விசாரித்தால் என்ன குறைந்துவிடும்? எத்தனை தாலுகா மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் உட்காருகிறார்? எத்தனை பேருக்கு 64ஏ பயன்பட்டது? எத்தனை மாணவருக்கு டி.சி. கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேர் மீண்டும் ஒரு வகுப்பறைக்குள் போனார்கள்? மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்று இரண்டு இலவச எண்கள் இருக்கின்றன. அவற்றை ரேஷன் கடைச் சுவரில் எழுத எவ்வளவு பெயிண்ட் ஆகும்? இந்தப் பதில்களை எழுதும் பதிவேடு வரும்வரை, உங்கள் 110 கோடி பத்திரிகைக்குச் செய்தி. எங்களுக்கு வெறும் எடை.

இவ்வளவும் அரசைத் திட்டினேன். இனி நம் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மீதியை அடுத்த வீட்டுக்கு மாற்றி எழுதுகிற வித்தை அங்கேதான் நடக்கிறது. எல்லா வைத்தியமும் தோற்ற பிறகு சித்தப்பாவோ தாய்மாமனோ வெற்றிலையை மென்றபடி தீர்ப்புச் சொல்வார்: "ஒரு கால்கட்டப் போட்டு விட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்."

எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார் அந்தச் சித்தப்பா? இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி, எதுவும் தெரியாமல், இருபது பவுன் போட்டு, பைக் வாங்கிக் கொடுத்து, இந்த வீட்டுக்குள் வர வேண்டும். ரசத்தை முதலில் குடித்துக் காட்ட வேண்டும். சந்தேகத்தை அவள் உடம்பில் வாங்க வேண்டும். அவன் குணமானால் அவள் ராசி, ஆகாவிட்டால் அவள் தரித்திரம். அம்மா சலித்துப்போன வேலைக்கு, வரதட்சணை கொடுத்துச் சேரும் மாற்று ஆள். இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் கிராம் அளவு கிடையாது. குழுப்படமும் கிடையாது. மொய் எழுதி, விருந்து சாப்பிட்டு, ஊரே ஆசீர்வதித்துவிட்டுப் போகிறது.

தச்சங்குறிச்சி வாடிவாசலில் ஜல்லிக்கட்டு நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். காளைக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனை செய்து தகுதி கொடுக்க வேண்டும். மாடுபிடி வீரனை டாக்டர் பார்ப்பார். போதையில் இருந்தால் களத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். மாட்டைக் கட்டிப்பிடிக்க இத்தனை கட்டுப்பாடு வைத்த மாவட்டம், ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்ட வருபவனிடம் பத்துப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. செவ்வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பெரியவருக்கு, பையன் போன மாதம் எங்கே இருந்தான் என்று தெரியாது. தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

நோய் வந்தவன் கல்யாணம் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. சிகிச்சை எடுத்து, மீண்டு, வேலைக்குப் போய், தன் கதையைத் தானே பெண்ணிடம் சொல்லி, அவள் யோசித்துச் சரி என்றால், அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்து மொய் வைப்பேன். மறைத்துக் கட்டுவது கல்யாணம் அல்ல, ஆள் மாற்றி மாட்டிவிடுவது.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களே, கூச்சப்படாதீர்கள். தட்டோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். ஜாதகத்தை வாங்குவதற்கு முன்னால், பையன் எதற்காவது வைத்தியம் பார்த்தானா, என்ன சீட்டு, எந்த டாக்டர் என்று கேளுங்கள். "எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கிடையாது" என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தால், தட்டையும் அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வாருங்கள். அடுப்பில் வைத்த காபியை உங்கள் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுங்கள்.